மேலிருந்து வர வேண்டிய சூடு

குக்கரில் சுட்ட கேக்கைத் தட்டில் கவிழ்த்ததும் முதலில் கண்ணில் படுவது அதன் அடிப்பக்கம். நல்ல தேன் நிறம், ஓரத்தில் லேசான முறுகல், பார்த்தாலே ஒரு துண்டு உடைத்து வாயில் போடத் தோன்றும். திருப்பிப் போட்டால் மேல்பக்கம் வெளிறிக் கிடக்கும். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். உள்ளே நன்றாக வெந்திருக்கிறது, மெத்தென்றுதான் இருக்கிறது, வெனிலா மணம் கூடம் வரை நிற்கிறது. நிறம் மட்டும் ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது.

2020 ஊரடங்கில் கடைகள் அடைத்துக் கிடந்தபோது தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகள் குக்கர் கேக்குக்குப் பழகின. பிள்ளைகளின் பிறந்தநாள் ஊரடங்கைப் பார்த்து நிற்பதில்லை. பேக்கரி இல்லை, ஓவன் இல்லை, குக்கர் மட்டும் எல்லா வீட்டிலும் இருந்தது. அந்தப் பழக்கம் பிறகும் போகவில்லை. கத்தோலிக்கர் நிறைந்து வாழ்வதால் 2003இல் தனி மறைமாவட்டமே அமைந்த ஊர் திண்டுக்கல். இங்கே டிசம்பர் பிறந்தால் கேக் பேச்சு தானாக வந்துவிடும்.

ஓவன் இல்லாத குறையை எப்படிச் சரிக்கட்டுவது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். சூடு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் வெளிறிய மேல்பக்கத்துக்கான காரணமும் தெரியும், அதற்கான பரிகாரமும் தெரியும்.

முதலில், டின்னுக்குள் ஊற்றிய மாவுக் கலவைக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். மைதா, சர்க்கரை, தயிர், எண்ணெய், ஆப்பசோடா எல்லாம் சேர்ந்த கலவை 30 டிகிரி செல்சியஸில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 40, 50 டிகிரி வரும்போது அது இளகுகிறது. அதில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் குமிழிகளுக்குள் சேர்கிறது. இந்த வாயு புதிதாக ஒரு குமிழியையும் உண்டாக்குவதில்லை. நாம் அடித்துக் கலக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகளைத்தான் அது ஊதிப் பெரிதாக்குகிறது. சர்க்கரையையும் தயிரையும் எண்ணெயையும் நன்றாக அடிக்கச் சொல்வது அதனால்தான். எத்தனை குமிழி இருக்க வேண்டும் என்பது அடிக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

மைதாவின் ஸ்டார்ச் வெறும் தண்ணீரில் கிடந்தால் 60 டிகிரியை ஒட்டியே உப்பிக் கூழாகிவிடும். கேக்கில் அப்படி ஆவதில்லை. சர்க்கரை தண்ணீரைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் ஸ்டார்ச் கூழாவது 80, 90 டிகிரி வரை தள்ளிப்போகிறது. குமிழிகள் பெருக்க அந்த இடைவெளிதான் அவகாசம். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கேக் ஏன் எழும்பவில்லை என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. முட்டை சேர்த்திருந்தால் வெள்ளைக்கரு 62 டிகிரியை ஒட்டி இறுகத் தொடங்கி, 80ஐத் தாண்டும்போது நன்றாகக் கெட்டிப்படும். 95ஐ எட்டும்போது நடுப்பகுதியும் இறுகி நின்றுவிடும். குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வருவது இந்தக் கட்டத்தில்தான்.

கேக் எழும்பும் வேலையில் சோடாவுக்கு மட்டும் பங்கில்லை. 30 டிகிரியில் உள்ள காற்று 98 டிகிரிக்குப் போனால் அதன் பருமன் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கூடும். அதைவிடப் பெரிய வேலையைச் செய்வது நீராவி. கொதிநிலையை நெருங்க நெருங்க ஒவ்வொரு குமிழிக்குள்ளும் தண்ணீர் ஆவியாகி நுழைந்து அதை விரிக்கிறது.

இதுவரை சொன்ன எதற்கும் 100 டிகிரிக்கு மேல் தேவைப்படவில்லை. இட்லிப் பானையே போதும். ஆவியில் வைத்த கேக்கும் உண்மையாகவே வேகும். ஆனால் இட்லியைப்போல் வெள்ளையாகவே இருக்கும். பொன்னிறமும் ரொட்டிக்கடை மணமும் வேறொரு வேதிவினையின் வேலை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் 1912இல் அதை விவரித்தார். சில வகைச் சர்க்கரைகளும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான நிற, மணப் பொருட்களாக மாறுகின்றன. நாம் போடும் வெள்ளைச் சர்க்கரை உடைந்த பிறகுதான் இதில் இறங்கும். தயிரிலும் பாலிலும் உள்ள லாக்டோஸ் நேராகவே இறங்கும். வினை வேகம் பிடிப்பது 140 டிகிரியை ஒட்டி. ஈரம் இருக்கும் பரப்பு அந்தப் பக்கமே போகாது, ஏனென்றால் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே நிறம் வர வேண்டுமானால் பரப்பு முதலில் காய வேண்டும், பிறகு சூடேற வேண்டும்.

டின்னின் அடியில் இரண்டும் தாமாக நடந்துவிடுகின்றன. மேலே ஏன் நடப்பதில்லை?

ஓவன் என்பது ஆறு பக்கமும் சூடான சுவர்களைக் கொண்ட பெட்டி. 180 டிகிரிக்கு முடுக்கினால் உள்ளே உள்ள காற்றும் 180, கூரையும் 180. கேக்கின் மேல்பரப்புக்குச் சூடு காற்றின் வழியாகவும் போகிறது, கூரையிலிருந்து கதிர்வீச்சாகவும் போகிறது. வெயிலில் நின்றால் முகம் சுடுவது இந்தக் கதிர்வீச்சால்தான். ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசப் ஸ்டெஃபான் 1879இல் இதற்கு ஒரு விதி கண்டார். ஒரு பரப்பு வீசும் வெப்பம் அதன் தனி வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும் என்பது அந்த விதி. தனி வெப்பநிலை என்பது செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் வருவது.

விதியை நம் குக்கருக்குப் பொருத்திப் பார்க்கலாம். கேஸ் அடுப்பில் தீ கீழே மட்டும் இருக்கிறது. மூடியின் மேல் சமையலறைக் காற்று பட்டுக்கொண்டே இருப்பதால் அது அவ்வளவாகச் சூடேறுவதில்லை. 120 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கேக்கின் ஈரமான மேல்பரப்பு 100 டிகிரி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து வெப்பத்தை வீசிக்கொள்கின்றன, கழித்ததுபோக மிஞ்சுவதுதான் கேக்குக்குக் கிடைக்கும் வரவு. கணக்குப் போட்டால் அது சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 255 வாட். கூரை 180 டிகிரியில் இருந்தால் அதே வரவு 1,290 வாட். மூடியின் சூடு 60 டிகிரி கூடினால் போதும், கேக்குக்குக் கதிர்வீச்சாகக் கிடைப்பது ஐந்து மடங்காகிறது. வெளிறிய மேல்பக்கத்தின் காரணம் இந்த ஐந்து மடங்கில் இருக்கிறது.

இதை விதியாக எழுதிப் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே அடுப்படியில் கண்டுகொண்டவர்கள் உண்டு. திண்டுக்கல்காரர்களுக்கு அது புதிதாகவே இருக்காது. 1957இல் நாகசாமி நாயுடு இங்கே ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் தொடங்கினார். அவர் கட்டியிருந்த தலைப்பாகையே பின்னால் கடையின் பெயரானது. சீரகச் சம்பா பிரியாணியும் ஊர்ப் பெயரும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. விறகடுப்பில் பிரியாணி ஆக்குகிறவர்கள் அரிசி முக்கால் பதம் வந்ததும் கீழே தீயைத் தணித்துவிட்டு, தேக்சாவை இறுக மூடி, மூடியின் மேல் தணலை அள்ளிப் பரப்புவார்கள். இதுதான் தம் போடுவது.

கீழே தீ இருக்கும்போது மேலே எதற்குத் தணல்? மூடி குளிர்ந்திருந்தால் மேலே வரும் ஆவி அதில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டும். மேல் அரிசி குழையும், அடி அரிசி காயும். மூடியைச் சூடாக வைத்தால் ஆவி தண்ணீராவதில்லை, மேல் அடுக்குக்கும் அதன் பங்குச் சூடு கிடைக்கிறது. கேக்கின் மேல்பக்கத்துக்குத் தேவைப்படுவதும் இதுவேதான்.

இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. தமிழ் முஸ்லிம் வீடுகளில் செய்யும் தம்ரூட், தம் அடை போன்ற பண்டங்களைப் பாருங்கள். தம்ரூட்டுக்கு ரவை, சர்க்கரை, நெய், பால், முட்டை. கலவையைப் பாத்திரத்தில் ஊற்றி, கீழே மிதமான தணல், மூடியின் மேலும் தணல் வைத்துச் சுடுவது பழைய முறை. மேல்பக்கம் நன்றாகச் சிவந்து, கத்தியால் துண்டு போடும் பதத்தில் இறங்கும். அதைக் கேக் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஓவனைக் கண்ணால் பார்க்காத அடுப்படிகளில் சுடப்பட்ட கேக் அது. இதைச் செய்த பெண்களின் பெயர்கள் எந்த அறிவியல் நூலிலும் இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வெப்பம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பதை அவர்கள் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் வண்டிகளில் மேற்கே குடிபெயர்ந்தவர்களும் இதே முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் எடுத்துச்சென்ற வார்ப்பிரும்புப் பாத்திரத்தின் மூடியைச் சுற்றி விளிம்பு எழுப்பியிருக்கும், தணல் சரியாமல் நிற்பதற்காக. அந்தப் பாத்திரத்தில் ரொட்டியோ கேக்கோ சுடும்போது தணலில் பெரும்பங்கை மூடியின் மேல் வைக்க வேண்டும், அடியில் சிறுபங்கு போதும் என்பது இன்றும் அதைப் பயன்படுத்துகிறவர்களின் கணக்கு. நாம் குக்கரில் செய்வது இதற்கு நேர் எதிர். நம் தீ முழுவதும் கீழேயே இருக்கிறது.

கேஸ் அடுப்பு வைத்திருக்கும் வீட்டில் தணலுக்கு எங்கே போவது? கரி கிடைத்தாலும் மூடிய சமையலறையில் அதை எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாத விஷம். கொல்லைப்புறமோ மொட்டைமாடியோ இருந்தால் செய்யலாம். அடுக்குமாடி வீட்டுக்கு நான் சொல்லும் வழி இரும்புத் தோசைக்கல். தட்டையான மூடியுள்ள பாத்திரத்தில் கேக் சுடும்போது, கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு, பக்கத்து அடுப்பில் நன்றாகக் காயவைத்த கனமான தோசைக்கல்லை இடுக்கியால் எடுத்து மூடியின் மேல் வையுங்கள். இரண்டு கிலோ இரும்பு 250 டிகிரியிலிருந்து 150க்கு இறங்கும்போது சுமார் 90 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். ஒரு டின் கேக்கின் முகத்தைச் சிவக்க வைக்க அது தாராளம். கல் ஆறிவிட்டால் ஒருமுறை திரும்பக் காயவைத்து வைக்கலாம். தொடக்கத்திலேயே வைத்துவிடக் கூடாது. மேல்தோல் முந்திக் கெட்டியானால், பிறகு பெருக்கும் உள்பகுதி அதைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

குக்கரின் அடியில் கொட்டும் மணல் அல்லது கல் உப்பு பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மணல் சூட்டை அதிகமாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சூட்டைத் தடுத்து நிறுத்தி நிதானமாக அனுப்புகிறது. அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் வேகத்தோடு ஒப்பிட்டால், மணிகளுக்கிடையே காற்று நிறைந்த உலர்ந்த மணல் கடத்துவது ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். தீயின் வளையம் படும் இடம் மட்டும் கருகாமல், சூடு பரவி மேலே வர அது இடம் கொடுக்கிறது. கடலையும் பொரியும் மணலில் வறுபடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உலர்சூட்டின் இந்த ஒழுங்கு தெரிந்திருக்கும்.

மணலின் இரண்டாவது வேலை சேமிப்பு. ஒரு கிலோ மணலை 30 டிகிரியிலிருந்து 180க்கு ஏற்றினால் அதில் சுமார் 120 கிலோஜூல் வெப்பம் தங்கும். ஐந்து லிட்டர் குக்கரில் அதே சூட்டில் உள்ள காற்றின் எடை நான்கு கிராம்தான். அதில் தங்கும் வெப்பம் முக்கால் கிலோஜூலைக்கூடத் தொடாது. 650 கிராம் மாவுக் கலவையை 30லிருந்து 97 டிகிரிக்கு ஏற்றத் தேவைப்படுவதும் 120 கிலோஜூலை ஒட்டித்தான். பத்து, பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடேற்றச் சொல்வதன் பொருள் இப்போது புரிந்திருக்கும். குளிர்ந்த பாத்திரத்தில் டின்னை வைத்தால், குமிழிகளின் சுவர் இறுகி நிற்பதற்கு முன்பே வாயு மேலே வந்து வெளியேறிவிடும்.

உப்பாக இருந்தாலும் மணலாக இருந்தாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். கல் உப்பின் படிகங்களுக்குள் சிக்கிய ஈரம் சூட்டில் ஆவியாகி, படிகத்தையே வெடிக்க வைக்கும். படபடவென்று சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், அது அடங்கிய பிறகு டின்னை வைத்தால் போதும். உப்பின் உருகுநிலை 801 டிகிரி. எந்த வீட்டு அடுப்பிலும் அது உருகாது, ஒரே உப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த உப்பைச் சாம்பாருக்குப் போட வேண்டாம்.

கேக் வேகும்போது அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீராகப் போகும் என்று கொண்டால், 650 கிராமுக்கு 65 கிராம். அந்த 65 கிராம் ஆவியானால் சுமார் 110 லிட்டர். ஐந்து லிட்டர் குக்கருக்குள் அதைவிட இருபது மடங்கு ஆவி உண்டாகி வெளியேற வேண்டியிருக்கிறது. விசில் வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழற்றிவிடச் சொல்வது சடங்கு இல்லை. இந்த ஆவிக்கு வழி விடாவிட்டால் அழுத்தம் ஏறும். போதாததற்கு, தண்ணீர் இல்லாத உலர்சூட்டில் ரப்பர் கேஸ்கட் விறைத்துக் கெட்டுப்போகும்.

ஒரு விஷயத்தை அழுத்தியே சொல்ல வேண்டும். நம் குக்கர்களின் பாதுகாப்பு வால்வில் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவை இருக்கும். தண்ணீர் வற்றிச் சூடு மீறினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும், நம் உயிரைக் காப்பது அதுதான். தண்ணீரே இல்லாமல் குக்கரைக் காயவைத்தால் அந்தக் கலவை பழுதாகலாம். பிறகு அதே குக்கரில் மறுநாள் பருப்பு வைப்பது சரியில்லை. ஆகவே தினம் புழங்கும் குக்கரை விட்டுவிடுங்கள். அடிகனமான அலுமினிய தேக்சா ஒன்றும், அதற்குப் பொருந்தும் தட்டை மூடியும் இருந்தால் அதுவே சிறந்தது. மூடி லேசாக விலகி இருந்தால் ஆவி போகும், தோசைக்கல் வைக்கவும் வாகாக இருக்கும். நான்ஸ்டிக் பாத்திரத்தை இதற்குத் தொடவே வேண்டாம். வெறும் பாத்திரமாக அடுப்பில் காய்ந்து 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சு சிதைந்து நச்சுப்புகை விடத் தொடங்கும்.

டின்னும் அலுமினியமாக இருக்கட்டும். எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தீ பட்ட இடம் கருகும், பக்கம் வேகாது. டின்னை மணல் மேல் நேராக வைக்காமல் ஒரு ஸ்டாண்டின் மேல் வையுங்கள், சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் சூடான காற்று மேலேறிச் சுற்றி வரும்.

டின்னில் எவ்வளவு உயரத்துக்கு ஊற்றுவது என்பதும் முக்கியம். மாவுக் கலவை வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். அப்படிப்பட்ட பொருளில் சூடு ஊடுருவ ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. ஓவனில் மேலும் கீழும் சூடு இருப்பதால் அது பாதிக் கனத்தைக் கடந்தால் போதும். அடியிலிருந்து மட்டும் சூடு வந்தால் முழுக் கனத்தையும் கடக்க வேண்டும். ஓவன் குறிப்பைப் பார்த்து உயரமாக ஊற்றிவிட்டு, அடி கருகி நடு வேகாமல் போனதற்கு அடுப்பைக் குறை சொல்வதில் பயனில்லை. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள். உயரமான கேக் வேண்டுமானால் இரண்டு சுட்டு அடுக்கிக்கொள்ளலாம்.

சூட்டை அளக்கத் தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சர்க்கரை உருகுவது 186 டிகிரியை ஒட்டி. சூடேற்றிய பாத்திரத்துக்குள் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கால் டீஸ்பூன் சர்க்கரை வைத்து மூடுங்கள். பத்து நிமிடத்தில் அது ஓரம் உருகத் தொடங்கினால் உள்ளே சூடு சரியாக இருக்கிறது. முழுக்க உருகிச் சிவந்துவிட்டால் தீயைக் குறைக்க வேண்டும். அப்படியே மணல் மணலாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் காய வேண்டும்.

சமவெளியின் வெயில் இந்தக் கதையில் இன்னொரு விதத்திலும் நுழைகிறது. ஆங்கிலேய வீட்டுக் கேக் வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பதில் தொடங்கும். சர்க்கரைப் படிகங்களின் கூர்முனை வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே சிக்கவைக்கிறது. அதற்கு வெண்ணெய் 18, 20 டிகிரியில் இளகியும் இளகாமலும் இருக்க வேண்டும். சித்திரை மாதத் திண்டுக்கல்லில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் பகல்கள் உண்டு. வெண்ணெய் 35 டிகிரிக்குள் முழுக்க எண்ணெயாகிவிடும். எண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது. குளிர்நாட்டுச் செய்முறையை அப்படியே செய்துவிட்டுக் கேக் கல்லாகிவிட்டது என்று கலங்குகிறவர்களின் கையில் குறையில்லை, அவர்கள் சமையலறையில் இருபது டிகிரி அதிகம். இந்த ஊருக்குப் பொருந்துவது தொடக்கத்திலிருந்தே எண்ணெயில் செய்யும் தயிர்க் கேக்தான்.

அளவு சொல்கிறேன்: மைதா 180 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், தயிர் 200 கிராம், மணமில்லாத சமையல் எண்ணெய் 80 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பால் மூன்று மேசைக்கரண்டி, சில துளி வெனிலா. ஆப்பசோடாவைத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆப்பசோடா என்பது சோடியம் பைகார்பனேட். தயிரின் லாக்டிக் அமிலத்தோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. புளிக்காத தயிரில் இந்த அமிலம் 0.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 200 கிராமில் 1.6 கிராம். அது ஈடுகட்டக்கூடிய சோடா ஒன்றரை கிராம்தான், டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. அந்த ஒன்றரை கிராமிலிருந்தே ஏறக்குறைய 440 மில்லி வாயு கிடைக்கும், நம் கலவையின் பருமனில் பாதிக்கும் மேலாக. அதற்கு மேல் போடும் சோடாவுக்கு அமிலம் கிடைக்காது. சூட்டில் அது சோடியம் கார்பனேட்டாக மாறி, வாயில் சோப்புச் சுவையாக நிற்கும். கேக்கின் உட்புறத்தில் மஞ்சள் கறையும் விழும். ஆனால் தயிரை வெயில் காலத்தில் மதியம் வரை வெளியே வைத்திருந்தால் அமிலம் 1.2 சதவீதத்தை எட்டலாம். அப்போது ஈடாகும் சோடா இரண்டேகால் கிராம், அதாவது அரை டீஸ்பூனை ஒட்டி. ஒரே செய்முறை ஒரு வீட்டில் நன்றாக வருவதும் பக்கத்து வீட்டில் சோப்பு வாடை அடிப்பதும் பல நேரம் தயிரின் புளிப்பால்தான். கலக்குமுன் தயிரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சோடாவை அளந்து போடுங்கள்.

பேக்கிங் பவுடர் என்பது அமிலத்தையும் சோடாவையும் உலர்ந்த தூளாகவே கலந்து பொட்டலம் கட்டியது. 1843இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக இதன் முதல் வடிவத்தைச் செய்தார். ஈரம் பட்ட உடனே அதன் ஒரு பகுதி வாயுவை விடத் தொடங்கும், சமையலறை சூடாக இருந்தால் இன்னும் வேகமாக. மைதாவைச் சேர்த்தபின் அரட்டைக்கு நேரமில்லை, டின் நேராக அடுப்புக்குப் போக வேண்டும்.

மைதாவைச் சேர்த்தபின் கையும் அடங்க வேண்டும். பரோட்டாவுக்கு மாவைப் போட்டு அடித்துப் பிசைவது அதிலுள்ள புரதங்களை இழுபடும் வலையாகப் பின்னுவதற்கு. கேக்கில் அந்த வலை உருவானால் மென்மை போய் ரப்பராகும். உலர் மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கரண்டியை வைத்துவிடுங்கள். எண்ணெய் மாவுத் துகள்களைச் சுற்றிப் பூசிக்கொண்டு ஓரளவு உதவும், முழுக்கக் காப்பாற்றாது.

பிறகு சிம்மில் நாற்பது நிமிடத்தை ஒட்டி ஆகும். முதல் இருபத்தைந்து நிமிடம் திறக்காமல் இருப்பது நல்லது. மணலில் சூடு சேமித்திருப்பதால் பாத்திரம் சீக்கிரம் மீண்டுவிடும், ஆனால் இன்னும் நிற்காத குமிழிச் சுவர்கள் திடீர்க் குளிர்ச்சியில் அமுங்கினால் மீளாது. அதற்குப் பிறகு தோசைக்கல் மூடியின் மேல் ஏறலாம். மேல்பக்கம் சிவக்க இன்னும் கொஞ்சம் உதவி வேண்டுமானால், அந்த நேரத்தில் பாலில் கரைத்த ஒரு சிட்டிகைப் பால்பவுடரை மேலே தடவுங்கள். மயார் வினைக்கு வேண்டிய லாக்டோஸும் புரதமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

இந்தச் செய்முறையை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறினால் சில அளவுகளை மாற்ற வேண்டியிருக்கும். திண்டுக்கல் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் இங்குள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு, கொதிநிலை 93 டிகிரி. அதே அளவு வாயு அங்கே கால் பங்கு கூடுதல் இடம் கேட்கும், குமிழிச் சுவரோ தாமதமாக நிற்கும், கேக் வேகமாக எழும்பி நடுவில் குழியும். சோடாவையும் பேக்கிங் பவுடரையும் கால் பங்கு குறைத்து, ஆவியாகிப் போவது அதிகம் என்பதால் பாலை ஒன்றிரண்டு கரண்டி கூட்டி, சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தால் ஸ்டார்ச் சற்று முன்னதாகவே இறுகிக் குழியைத் தடுக்கும். மலைக் குளிரில் மூடியும் விரைவாக ஆறும். தோசைக்கல்லை அங்கே இரண்டு முறை காயவைக்க வேண்டியிருக்கும்.